தூக்குக்கயிறு வடிவில் ஒரு கழுத்துப்பட்டி: உடை எதிர்ப்பாகுமா? ஈரானை முன்வைத்து

நூலிழை (இழையைத் தொடங்கியவர்):

எல்லோருக்கும் வணக்கம். ஆடை வடிவமைப்பு படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு அடுத்த மாதம் மூன்று வகுப்புகள் எடுக்கிறேன். உடை எப்படி அரசியல் எதிர்ப்பாகிறது என்பது தலைப்பு. அதற்கு ஈரானை எடுத்துக்கொண்டேன். எங்கிருந்து தொடங்குவது என்றுதான் இரண்டு வாரமாகப் பிடிபடவில்லை, அதனால் இங்கே கொண்டு வந்து வைக்கிறேன்.

முதலில் மனதில் வந்தது 2023 கேன்ஸ் திரைப்பட விழா. ஈரானிய அமெரிக்க மாடல் மஹ்லகா ஜபேரி சிவப்புக் கம்பளத்தில் ஒரு கறுப்பு கவுனில் வந்தார். ஜிலா சாபர் என்பவர் வடிவமைத்தது. கழுத்தைச் சுற்றி வரும் பட்டி தூக்குக்கயிறு போலவே இருக்கும். பின்பக்கம் கீழே, மரண தண்டனைகளை நிறுத்துங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அன்று தேதி மே 26. ஒரு வாரம் முன்பு, மே 19 அன்று, 2022-ல் கட்டாய முக்காட்டை எதிர்த்து எழுந்த போராட்ட வழக்கில் பிடிபட்ட மூன்று பேரை இஸ்ஃபஹானில் தூக்கிலிட்டிருந்தார்கள். அதற்கும் முன்னால், 2022 டிசம்பரில் மஷ்ஹத் நகரில் மஜித்ரேசா ரஹ்னவார்த் என்ற 23 வயதுப் பையனை ஊர் பார்க்க கிரேனில் தொங்கவிட்டார்கள். இதெல்லாம் தெரிந்தவர்களுக்கு அந்தக் கழுத்துப்பட்டியைப் பார்த்தால் மூச்சு முட்டும்.

ஆனால் அப்போதே நிறைய ஈரானியர்கள் அதைக் கடுமையாகத் திட்டினார்கள். சாவை அலங்காரமாக்கிவிட்டார், தூக்குக்கயிறை வைத்து அழகு காட்டுகிறார் என்று. எனக்கும் ஒரு குறை உண்டு, அது வேறு. வடிவமைப்பாகப் பார்த்தால், அந்தக் கயிறு எந்த நாட்டுக் கயிறாகவும் இருக்கலாம். ஆயிரம் வருடத்துக்கு மேலான நெசவும் கதையும் இருக்கிற ஒரு மண்ணிலிருந்து வந்த எதிர்ப்பில், அந்த மண் எங்கே? ஈரானின் மரபிலிருந்தே எடுத்து, ஈரானின் அதிகாரத்துக்கு எதிராக நிறுத்திய உடைகளைத்தான் மாணவர்களுக்குக் காட்ட ஆசைப்படுகிறேன். உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள்.


கூடல்வாசி:

நல்ல தலைப்பு அம்மா. ஆனால் கேன்ஸிலிருந்து தொடங்கினால் பிள்ளைகள் கடைசி வரை கேன்ஸிலேயே நிற்பார்கள். 1936-லிருந்து தொடங்குங்கள்.

அந்த வருடம் ஜனவரி 8 அன்று ஈரான் மன்னர் ரெசா ஷா முக்காட்டை ஒழிக்கிறேன் என்று உத்தரவு போட்டார். தெஹ்ரானில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி விழாவுக்குத் தன் மனைவியையும் மகள்களையும் முக்காடில்லாமல் அழைத்து வந்தார். அதற்குப் பிறகு போலீஸ்காரர்கள் தெருவில் போகும் பெண்களின் சாதரை, அதாவது தலை முதல் கால் வரை போர்த்தும் துணியை, இழுத்துக் கிழித்தார்கள். வெளியே வர மனமில்லாமல் வருடக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே இருந்த பெண்கள் உண்டு, 1941-ல் அவர் பதவி இறங்கும் வரை. ஆண்களும் தப்பவில்லை. முதலில் எல்லோரும் பஹ்லவி தொப்பி போட வேண்டும் என்றார், பிறகு 1935-ல் ஐரோப்பிய மாதிரி ஓரம் வைத்த தொப்பி. அதே வருடம் மஷ்ஹதில் கோஹர்ஷாத் மசூதியில் எதிர்த்துக் கூடியவர்களைச் சுட்டுக் கொன்றார்கள்.

அப்புறம் 1978. ரெசா ஷாவின் மகன், அப்போதைய ஷாவை எதிர்த்த ஊர்வலங்களில், அதுவரை முக்காடு போடாத படித்த பெண்கள் பலர் சாதரைப் போர்த்திக்கொண்டு வந்தார்கள். அன்றைக்கு அது எதிர்ப்பின் உடை. ஷா போனார். 1979 மார்ச் 7 அன்று, அரசு அலுவலகங்களில் பெண்கள் ஹிஜாபோடுதான் வர வேண்டும் என்று புரட்சித் தலைவர் கொமெய்னி சொன்னார். மறுநாளே ஆயிரக்கணக்கான பெண்கள் தெஹ்ரான் தெருவில் இறங்கினார்கள். பின்னோக்கிப் போவதற்காக நாங்கள் புரட்சி செய்யவில்லை என்பது அவர்கள் கோஷம். 1983-ல் முக்காடில்லாமல் வந்தால் 74 கசையடி என்று சட்டமே வந்துவிட்டது.

ஒரே துணி, இரண்டு பக்கமும் எதிர்ப்பாக இருந்திருக்கிறது. இதைச் சொல்லாமல் உடை எதிர்ப்பு என்று பேசினால், முக்காட்டை எடுப்பது மட்டும்தான் விடுதலை என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். அரசு கையில் எடுத்த எந்தத் துணியும் சுமைதான். தலையில் போடச் சொன்னாலும் சரி, கழற்றச் சொன்னாலும் சரி.


கருவேலன்:

நான் கொஞ்சம் நேராகவே கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். 2022 செப்டம்பர் 16 அன்று, முக்காடு சரியில்லை என்று பிடித்துப் போகப்பட்ட மஹ்சா ஜினா அமினி காவலில் இறந்தார். மறுநாள் அவர் சொந்த ஊரான சக்கேஸ் கல்லறையில் பெண்கள் முக்காட்டைக் கழற்றி வீசினார்கள். அவர்கள் யாரும் வடிவமைப்பாளரைக் கேட்டுவிட்டுச் செய்யவில்லை. அதற்கு ஐந்து வருடம் முன்னால், 2017 டிசம்பரில், விதா மொவஹெத் தெஹ்ரானின் என்கெலாப் தெருவில் ஒரு மின்பெட்டி மேல் ஏறி, வெள்ளை முக்காட்டைக் குச்சியில் கட்டிப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். ஒரு குச்சியும் ஒரு முழத் துணியும். அதற்கு மேல் என்ன ஃபேஷன் வேண்டும்? இதில் வடிவமைப்பு என்ற சொல்லையே நுழைக்க எனக்கு மனம் வரவில்லை. ஃபேஷன் என்பது விற்கிற தொழில். அடிபடுபவர் ஒருவர், விற்பவர் இன்னொருவர்.


நூலிழை:

கருவேலன், நீங்கள் சொன்ன அந்தக் குச்சியைத்தான் நான் வடிவமைப்பு என்கிறேன். யோசித்துப் பாருங்கள். முக்காட்டைக் கையில் பிடித்திருக்கலாம், தோளில் போட்டிருக்கலாம், கீழே வீசியிருக்கலாம். குச்சியில் கட்டியதும் அது கொடியாகிவிட்டது. தொலைவிலிருந்து தெரிகிறது, படத்தில் தெரிகிறது, அடுத்த பெண்ணால் அப்படியே திரும்பச் செய்ய முடிகிறது. செய்தார்கள், அதே தெருவில், ஒருவர் பின் ஒருவராக, என்கெலாப் தெருப் பெண்கள் என்று பெயரே வந்துவிட்டது. வெள்ளை நிறமும் சும்மா வரவில்லை, அந்த வருடம் புதன்கிழமைகளில் வெள்ளை அணிவது என்று ஒரு இயக்கம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. எதை, எந்த நிறத்தில், எந்த உயரத்தில், யார் கண்ணுக்கு என்று முடிவு செய்வதுதானே என் தொழில். அவர் கடையில் விற்கவில்லை என்பதால் அது வடிவமைப்பு இல்லை என்று ஆகிவிடுமா?

விற்பது பற்றிய உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அதற்கு என்னிடம் இப்போது பதில் இல்லை, யோசித்துவிட்டு வருகிறேன்.


புறாக்கூடு:

நான் ஷார்ஜாவில் எட்டு வருடம் வேலை பார்த்தேன். பக்கத்து மேசையில் ஷிராஸ்காரப் பெண் ஒருவர். 2022 அக்டோபரில் ஐரோப்பிய நடிகைகள் எல்லாம் கேமரா முன்னால் முடியை வெட்டிக்கொண்ட வீடியோக்கள் வந்தன இல்லையா, அதைப் பார்த்துவிட்டு நான், நல்ல ஆதரவு என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, அவர்கள் நல்ல மனதோடுதான் வெட்டுகிறார்கள், ஆனால் எங்களுக்கு அது துக்கம், அது என்ன என்று அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்றார்.

அன்றைக்கு மதிய உணவு நேரம் முழுக்க அவர் சொன்ன கதையை இங்கே எழுதுகிறேன். ஃபிர்தௌசி எழுதிய பாரசீகக் காவியமான ஷாநாமாவில் சியாவஷ் என்று ஒரு குற்றமற்ற இளவரசன். அவனை மாமனார் அஃப்ராசியாபே கொல்லச் செய்கிறான். சியாவஷின் மனைவி ஃபரங்கீஸ் தன் நீண்ட கூந்தலை வெட்டி, வெட்டிய கூந்தலை இடுப்பில் கச்சையாகக் கட்டிக்கொள்கிறாள். கொன்றவன் அவளைப் பெற்ற அப்பன். அவன் முன்னால் அந்தக் கோலத்தில் நிற்கிறாள். குர்து, லோர், பக்தியாரி மக்களிடம் இந்த முடி வெட்டும் வழக்கம் இன்னமும் இருக்கிறது, கிஸூபொரான் என்று பெயர். 2022-ல் கஸ்வின் ஊரில் சுட்டுக் கொல்லப்பட்ட ஒருவரின் அடக்கத்தில் அவர் சகோதரி கத்தரியால் முடியை வெட்டினார். கெர்மான்ஷாவில் தாயைப் பறிகொடுத்த ஒரு மகள், மொட்டைத் தலையோடு, வெட்டிய முடியைக் கையில் பிடித்துக்கொண்டு கல்லறைக்குப் பக்கத்தில் நின்றார். அந்தப் படத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், கண்ணை விட்டுப் போகாது.

நூலிழை, உங்களுக்கு மரபு வேண்டும் என்றால் இதுதான். வெட்டிய கூந்தல் கச்சையாகிறது. உடலிலிருந்தே எடுத்த துணி. உடை எதிர்ப்பாவதை ஆயிரம் வருடம் முன்னால் எழுதி வைத்திருக்கிறார்கள்.


நூலிழை:

புறாக்கூடு, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை. கச்சை விஷயம் எனக்குத் தெரியாது. முடி வெட்டுவது வரை மட்டும்தான் தெரியும்.

ஷாநாமா என்றதும் என் பங்குக்கும் ஒன்று. காவே என்ற கொல்லனின் கதை. ஸஹ்ஹாக் என்ற கொடுங்கோலன், தோள்கள் இரண்டிலும் பாம்பு முளைத்தவன், தினமும் இரண்டு இளைஞர்களின் மூளை அந்தப் பாம்புகளுக்கு இரை. காவேயின் பதினெட்டுப் பிள்ளைகளில் பதினேழு பேர் போய்விட்டார்கள். கடைசிப் பையனையும் பிடித்துப் போனதும் நேராக அரண்மனைக்கே வருகிறார். அங்கே அரசன் நல்லதைத் தவிர எதையும் விதைக்கவில்லை என்று ஒரு பத்திரம் எழுதி, ஊர்ப் பெரியவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். பையனை விட்டுவிட்டு, நீயும் கையெழுத்துப் போடு என்கிறார்கள். காவே பத்திரத்தைக் கிழித்துக் காலில் போட்டு மிதித்துவிட்டு, சந்தைக்குப் போகிறார். கொல்லர்கள் உலைக்கு முன்னால் கட்டிக்கொள்ளும் தோல் ஏப்ரனை அவிழ்த்து ஈட்டி முனையில் மாட்டி உயர்த்துகிறார். அதன் பின்னால் மக்கள் திரள்கிறார்கள். காவியானி கொடி என்று அதற்குப் பெயர்.

வேலைத் தோல், கரி படிந்து நெருப்புப் பொறி பட்டு ஓட்டை விழுந்தது, ஈட்டியில் ஏறியதும் கொடி. விதா மொவஹெதின் குச்சியும் வெள்ளைத் துணியும் என் கண்ணுக்கு இதன் தொடர்ச்சியாகத்தான் தெரிகின்றன. அவர் காவேயை நினைத்துச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பள்ளிப் பாடத்தில் காவேயைப் படித்து வளர்ந்த ஒரு நாட்டில் அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு அது தோன்றாமல் இருந்திருக்காது.


மலைத்தேன்:

கதைகள் அருமை, ஆனால் ஒரு விஷயத்தில் எல்லோரும் வழுக்கிக்கொண்டு போகிறீர்கள். பாரசீக மரபு, பாரசீக மரபு என்கிறீர்கள். மஹ்சா அமினி குர்துப் பெண். வீட்டில் அவர் பெயர் ஜினா. பெண், வாழ்வு, விடுதலை என்ற கோஷம் ஜின், ஜியான், ஆசாதி என்று குர்து மொழியில் பிறந்தது, பாரசீகத்துக்கு அதற்கப்புறம்தான் போனது. அதையும் பாரசீகப் பட்டில் சுற்றிக் கொடுத்தால், அதைத் தொடங்கியவர்களின் வீட்டுப் பெயர் மறைந்துபோகும்.

உடையையே பேசுவோம். 2013-ல் குர்துகளின் மரிவான் நகரில் ஒரு ஆளுக்கு நீதிமன்றம் கொடுத்த தண்டனை என்ன தெரியுமா, குர்துப் பெண்களின் சிவப்பு உடையைப் போட்டு ஊர்வலமாக அழைத்துப் போவது. பெண் உடையில் நிறுத்தினால் ஆணுக்கு அவமானம் என்பது அவர்கள் கணக்கு. மரிவான் பெண்கள் சிவப்பு உடையில் தெருவில் இறங்கினார்கள். குர்து ஆண்கள் நூற்றுக்கணக்கில், அம்மாவின் உடையையும் அக்காவின் உடையையும் போட்டுக்கொண்டு படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள். பெண்ணாக இருப்பது தண்டனைக்கான கருவி இல்லை என்று எழுதினார்கள். மீசை வைத்த, வயலில் வேலை பார்க்கிற ஆட்கள், ஜரிகை வேலை செய்த உடையில், நேராகக் கேமராவைப் பார்த்து நிற்கிறார்கள். நம் ஊரில் இதைச் செய்ய எத்தனை ஆண்களுக்குத் துணிச்சல் வரும் என்று நான் அடிக்கடி யோசிப்பது உண்டு.

தென்கிழக்கு ஈரானின் பலூச் மக்களையும் மறக்க வேண்டாம். 2022 செப்டம்பர் 30, வெள்ளிக்கிழமை, ஸாஹெதானில் தொழுகைக்குக் கூடியவர்கள் மேல் சுட்டதில் பல பத்து பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் போராட்டம். டிசம்பரில் பெண்கள் கறுப்புச் சாதர் போர்த்தியபடியே வந்தார்கள். ஹிஜாபோடும் ஹிஜாப் இல்லாமலும் புரட்சியை நோக்கி என்று கோஷம் போட்டார்கள். கூடல்வாசி ஐயா சொன்னதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. அந்தப் பெண்கள் தினமும் கையால் தைக்கிற பூவேலை, சூசன்தூஸி என்று பெயர், உலகத்திலேயே நுணுக்கமான ஊசி வேலைகளில் ஒன்று. ஷா காலத்தில் ராணி ஃபரா அந்த வேலைப்பாட்டோடு கவுன் தைத்துப் போட்டார். எல்லோரும் புகழ்ந்தார்கள். பலூசிஸ்தான் அன்றும் ஈரானின் ஏழை மாகாணம், இன்றும் அதே.


தறிமகன்:

அப்பா கைத்தறி நெசவாளர், நான் அச்சுத்துணிப் பட்டறையில் இருக்கிறேன், அதனால் துணியை மட்டும் பேசுகிறேன்.

காஞ்சிபுரப் புடவையில் மாங்காய் புட்டா என்று நாம் சொல்லும் உருவம், ஈரானில் போதே என்று பெயர். யஸ்த் நகரத்தின் தெர்மே துணியில் வரிசை வரிசையாக வரும். காற்றில் தலை சாய்ந்த சைப்ரஸ் மரம் என்று அங்கே விளக்கம் சொல்வார்கள். வளைந்தாலும் ஒடியாத மரம். நாம் அதில் மாங்காயைப் பார்த்தோம், அவர்கள் மரத்தைப் பார்த்தார்கள். கலம்காரி என்ற சொல்லும் பாரசீகம்தான், கலம் என்றால் எழுதுகோல், கார் என்றால் வேலை. கோல்கொண்டா சுல்தான்கள் காலத்தில் மசூலிப்பட்டினத்திலிருந்து கப்பல் கப்பலாகத் துணி ஈரானுக்குப் போனது. இஸ்ஃபஹானிலும் அதே பெயரில் ஒரு தொழில் இருக்கிறது, கலம்கார். பேரி மரத்தில் செதுக்கிய அச்சுக்கட்டை, கறுப்பு, சிவப்பு, நீலம், மஞ்சள் என்று நிறத்துக்கு ஒரு கட்டை. மஞ்சளுக்கு மாதுளம்பழத் தோல்.

அச்சடித்த துணியைச் சாயந்தேரூத் ஆற்றில்தான் அலசிக் கரையில் காயப் போடுவது வழக்கம். அந்த ஆறு இப்போது வருடத்தில் பெரும்பகுதி வறண்டு கிடக்கிறது. 2021 நவம்பரில் விவசாயிகள் அந்த வறண்ட ஆற்றுப் படுகையிலேயே கூடாரம் போட்டு உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்கள், ஊர் மக்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள், கடைசியில் போலீஸ் வந்து கலைத்தது. துணி அலசுகிற ஆறே போராட்டக் களமாகிவிட்டது. இதை எந்த வடிவமைப்பாளராவது துணியில் சொல்லியிருக்கிறாரா என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

லண்டனில் பாரியா ஃபர்ஸானே என்று ஈரானிய வம்சாவளி வடிவமைப்பாளர் ஒருவர் இருக்கிறார், ஆண்கள் உடை செய்பவர். வீட்டில் சாப்பாட்டுக்கு விரிக்கிற அந்தக் கலம்கார் அச்சை எடுத்து விளையாட்டு உடையாகவும் காற்றுத் தடுப்பு ஜாக்கெட்டாகவும் தைத்தார். ஈரானியர் என்றாலே விமான நிலையத்தில் ஓரமாக நிறுத்துகிற காலத்தில், பாட்டி வீட்டு விரிப்பை உடம்பில் போட்டுக்கொண்டு லண்டன் தெருவில் நடக்கலாம் என்று ஆக்கினார். கோஷம் எதுவும் எழுதாமலேயே அது பேசுகிறது. என் பட்டறைக்குத் தினமும் பத்துப் பேர் எழுத்து அச்சடித்த சட்டை கேட்டு வருகிறார்கள், அதில் எதுவும் ஒரு துவைப்புக்கு மேல் மனதில் நிற்பதில்லை. அச்சுக்கட்டை செதுக்குகிற ஆளுக்கு என்ன கூலி கிடைக்கிறது என்பதையும் உங்கள் வகுப்பில் ஒரு வார்த்தை பேசுங்கள் அக்கா.


கருவேலன்:

தறிமகன் கடைசி வரியில் சொன்னது எனக்கு வேண்டியது.

நூலிழை, உங்கள் காவே கதையை முழுக்கச் சொல்லுங்கள், பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்தத் தோலுக்கு அப்புறம் என்ன ஆகிறது? ஸஹ்ஹாக்கை வீழ்த்திய ஃபரீதூன் அரசனாகிறான். கொல்லனின் தோலை ரோம் நாட்டுப் பட்டாலும் பொன்னாலும் ரத்தினத்தாலும் மூடுகிறான். சிவப்பு, மஞ்சள், ஊதா என்று பட்டு நாடாக்கள் தொங்கவிடுகிறான். பின்னால் வந்த ஒவ்வொரு அரசனும் தன் பங்குக்கு ஒரு ரத்தினம் பதித்தான். கடைசியில் தோலே கண்ணுக்குத் தெரியவில்லை. ஏழாம் நூற்றாண்டில் காதிஸியா போரில் அரபுப் படை பிடித்தபோது அது ஒரு விலை மதிக்க முடியாத பொக்கிஷமாகத்தான் அவர்கள் கைக்குப் போனது.

மரபு என்றால் இதுதான் நடக்கும். எதிர்த்தவனின் துணியை அரசன் நகையாக்கிக்கொள்வான். 1971-ல் பெர்செபோலிஸ் இடிபாடுகளில் ஷா, பாரசீக முடியாட்சிக்கு 2500 வருடம் என்று விழா எடுத்தார், சிப்பாய்களுக்குப் பழைய பாரசீகப் போர்வீரர் உடை மாட்டி அணிவகுக்கச் செய்தார், அதுவும் பாரசீக மரபுதான். இன்றைக்கு வெளிநாட்டு ஊர்வலங்களில் சிங்கமும் சூரியனும் போட்ட சட்டையைப் பார்க்கிறோம். சிலருக்கு அது நாட்டின் பழைய சின்னம், சிலருக்கு அது ஷாவின் சிறை. இஸ்லாமியக் குடியரசும் சும்மா இல்லை. 2006-ல் உடை வடிவமைப்பை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றத்தில் சட்டமே போட்டார்கள், ஈரானிய இஸ்லாமிய மாதிரிகளை ஊக்குவிக்கிறோம் என்று. அரசே ஃபஜ்ர் என்ற பெயரில் ஆடை விழா நடத்துகிறது. அங்கேயும் தெர்மே துணிதான், அங்கேயும் கலம்கார்தான். அப்படியென்றால் துணியில் இருக்கிற பூவைப் பார்த்து எது எதிர்ப்பு, எது அரசு என்று எப்படிப் பிரிப்பீர்கள்?


கூடல்வாசி:

துணியை வைத்துப் பிரிக்க முடியாது கருவேலன். யார் வீட்டுக் கதவைப் போலீஸ் தட்டுகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

2016 மே மாதம் இன்ஸ்டாகிராமில் முக்காடில்லாத மாடல் படங்கள் போட்டதற்காக எட்டுப் பேரைக் கைது செய்தார்கள், சுமார் 170 பேரைக் கண்காணித்ததாக அவர்களே சொன்னார்கள், அதில் மாடல்கள், படம் எடுப்பவர்கள், ஒப்பனைக்காரர்கள், ஆடை நிலையம் நடத்துபவர்கள் எல்லோரும் உண்டு. அதற்குச் சில வருடம் முன்பு, 2009-ல், கடை வாசலில் நிற்கிற பொம்மைக்குக் கூட முக்காடு வேண்டும், பொம்மைக்கு வளைவு நெளிவு கூடாது என்று கடைக்காரர்களை எச்சரித்தார்கள். பொம்மைக்கே இந்த நிலை.

இதற்கு நடுவில் தெஹ்ரான் தையற்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் மாணவர்கள் கவனிக்க வேண்டும். மான்தோ என்று ஒரு மேலங்கி, பெயர் பிரெஞ்சிலிருந்து வந்தது, வெளியே போகும் பெண்கள் போட வேண்டியது. தளர்வாக, நீளமாக, இருண்ட நிறத்தில் என்று அரசு நினைத்தது. தையற்காரர்கள் வருடத்துக்கு இரண்டு விரல் என்று நீளத்தைக் குறைத்தார்கள், நிறத்தைக் கொண்டுவந்தார்கள், இடுப்பைப் பிடித்தார்கள், பின்னர் 2010-களில் முன்பக்கப் பித்தானையே எடுத்துவிட்டார்கள். முன்புறம் திறந்த மான்தோ. அதை விற்ற கடைகளைச் சோதனை போட்டார்கள், மூடினார்கள், ஆனால் அது நிற்கவில்லை. அதன் ஓரத்தில் தெர்மே பட்டி வைத்தார்கள், முதுகில் பழைய பாரசீகக் கவி ஹாஃபிஸின் கவிதையை நஸ்தாலிக் எழுத்தில் எழுதினார்கள். ஹாஃபிஸை எழுதக்கூடாது என்று எந்தக் காவலர் சொல்ல முடியும்? மரபு அங்கே கேடயம். நகை இல்லை.


புறாக்கூடு:

என் ஷிராஸ்காரத் தோழி போட்டிருந்தது அந்த மாதிரி ஒன்றுதான், முதுகில் எழுத்து. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். ஹாஃபிஸ் என்று மட்டும் சொல்லிச் சிரித்தார். ஊரிலிருந்து அவர் அம்மா தைத்து அனுப்பியது. 2022-க்கு அப்புறம் ஊருக்குப் போனபோது அதை எடுத்துப் போனார், முக்காடு எடுத்துப் போகவில்லை. விமானம் இறங்கும்போது பெண்கள் எல்லோரும் பையைத் துழாவி முக்காட்டை எடுப்பார்களாம், அந்த நேரம் தன் கை சும்மா மடியில் கிடந்தது, அதுதான் பெரிய பயமாக இருந்தது என்று பிறகு எழுதினார்.


அகல்:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 2009 டிசம்பரில் மஜித் தவக்கோலி என்ற மாணவர் தலைவர் பேசிவிட்டு வரும்போது பிடிபட்டார். பெண் வேடத்தில் தப்ப முயன்றார் என்று சொல்லி, அரசு ஊடகங்கள் அவரைச் சாதர் போர்த்திய கோலத்தில் படம் போட்டன, அவமானப்படுத்த. உடனே ஈரானிய ஆண்கள் நூற்றுக்கணக்கில் முக்காடு போட்டுப் படம் எடுத்து, நாங்களும் மஜித்தான் என்று போட்டார்கள். மரிவானுக்குச் சில வருடம் முன்பே நடந்தது இது. அவமானப்படுத்த எடுத்த துணியையே தூக்கிப் போர்த்திக்கொள்வது. வடிவமைப்பு வகுப்பில் இதையும் காட்டலாம், ஒரு தையல் கூடப் புதிதாகப் போடவில்லை, ஆனால் அந்தத் துணியின் பொருள் ஒரே இரவில் மாறிவிட்டது.

இன்னும் பழையது வேண்டுமென்றால் 1848, பாபி என்ற புதிய மத இயக்கத்தாரின் பதஷ்த் கூட்டம். தாஹிரே என்ற கவிஞர் ஆண்கள் நிறைந்த சபையில் முகத்திரை இல்லாமல் வந்து நின்றார். நான்கு வருடம் கழித்துக் கொன்றுவிட்டார்கள். எதிர்ப்பு மேலைநாட்டிலிருந்து இறக்குமதியானது என்று யாராவது சொன்னால் இந்த வருடத்தை ஞாபகப்படுத்துங்கள்.


நூலிழை:

மூன்று நாளாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். கேன்ஸ் கவுனை முதல் வகுப்பிலிருந்து எடுத்துவிட்டேன். மூன்றாம் வகுப்பில் வைக்கிறேன், அப்போது பிள்ளைகளிடம் இவ்வளவும் இருக்கும், அவர்களே தீர்மானிக்கட்டும். அந்தக் கவுனைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். பின்பக்க எழுத்தைக் காட்ட விழாக் காவலர்கள் விடவில்லை என்று ஜபேரி சொன்னார், அங்கே அரசியல் வாசகத்துக்கு அனுமதி இல்லையாம். வாசகத்தைத் தடுத்தார்கள், கழுத்துக் கயிறைத் தடுக்க முடியவில்லை, அது வடிவத்திலேயே இருந்ததே. முதலில் எழுதியபோது நான் அந்தக் கவுனுக்குக் கொஞ்சம் அநியாயம் செய்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

மலைத்தேன், தலைப்பில் பாரசீக மரபு என்பதை அடித்துவிட்டு ஈரான் மண்ணின் மரபுகள் என்று மாற்றிவிட்டேன். மரிவான் ஆண்களின் படம் இரண்டாம் வகுப்பின் முதல் படம். கருவேலன், ரத்தினம் பதித்த பாதியையும் சொல்லப் போகிறேன், அதைச் சொல்லாமல் காவேயைச் சொன்னால் பொய்யாகிவிடும். மாணவர்களுக்குக் கொடுக்கும் வேலையும் அதிலிருந்துதான். ஒரு வேலைத் துணி எடுத்துக்கொள்ள வேண்டும், அவரவர் வீட்டில் யாராவது உழைக்கும்போது கட்டுகிற துணி, அதை உயர்த்தினால் என்ன சொல்லும் என்று செய்து காட்ட வேண்டும், எதையும் அதன் மேல் பதிக்கக் கூடாது. கூலி விஷயம் ஒரு முழு மணி நேரம் வைத்திருக்கிறேன் தறிமகன், முடிந்தால் நீங்களே வந்து பேசுங்கள்.

முதல் வகுப்பில் ஒரு உண்மையான தோல் ஏப்ரனை மேசையில் வைக்க ஆசை. புதிதாகத் தைத்தது வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் யாராவது இருக்கிறீர்களா?


தறிமகன்:

வருகிறேன் அக்கா, நாள் மட்டும் சொல்லுங்கள். ஒரு அச்சுக்கட்டையும் கொண்டு வருகிறேன், பிள்ளைகள் கையில் எடுத்து எடை பார்க்கட்டும்.


கருவேலன்:

ஆம்பூரில் என் மாமா தோல் பட்டறையில்தான் இருந்தார், இப்போது வேலைக்குப் போவதில்லை. அவர் கட்டிய தோல் பரணில் கிடக்கிறது, ஒரு பக்கம் சாயம் பட்டுக் கறுத்துப் போயிருக்கும், நாடா ஒன்று அறுந்திருக்கும். தைக்காமல் அப்படியே அனுப்பவா?


நூலிழை:

அப்படியே அனுப்புங்கள். கழுவவும் வேண்டாம். மாமாவிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள், வகுப்பு முடிந்ததும் நானே நேரில் கொண்டு வந்து கொடுக்கிறேன்.